நெல்லுக்கு வயது சொல்வது யார்? அறிவியல் துறைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் விதம்

பழனிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009-10இல் அங்கே நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றிலிருந்து நான்கு கால் ஜாடி கிடைத்தது. உள்ளே சுமார் இரண்டு கிலோ நெல். அதே குழியில் தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த தாங்கி ஒன்றும் இருந்தது. நெல்லின் மாதிரி அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 490 என்ற விடையோடு வந்தது. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய விவாதங்களில் இன்றும் அடிபடும் எண் இது.

நெல்லை எடுத்தவர் தொல்லியலாளர். அந்த எண்ணைத் தந்தது தொல்லியல் அன்று. அணு இயற்பியல், வேதியியல், தாவரவியல், வளிமண்டலவியல், மரவளைய ஆய்வு, புள்ளியியல் என்று பல கைகள் மாறித்தான் அது வந்து சேர்ந்தது. ஒவ்வொரு துறையும் முந்திய துறை கொடுத்த எண்ணை அப்படியே வாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் அந்த எண்ணைத் தானே சரிபார்க்க அதற்கு வழி இல்லை. துறைகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது என்றால் நடைமுறையில் இதுதான். இரவல் வாங்கிய எண்ணில் பிழை இருந்தால் அதுவும் கூடவே பயணப்படும்.

பள்ளியில் இதை ஒரு ஏணியாகக் கற்றுக்கொள்கிறோம். கீழே கணிதம், அதன்மேல் இயற்பியல், பிறகு வேதியியல், அதற்கும் மேலே உயிரியல். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகுஸ்த் கோம்த் இப்படித்தான் அடுக்கினார். பாடத்திட்டம் போட அது வசதிதான். ஆனால் பொருந்தல் நெல்லைப் போன்ற ஒரு மாதிரியைத் தொடர்ந்து போனால், ஏணியில் மேலே இருப்பது கீழே இருப்பதைத் தாங்குவதும் அடிக்கடி கண்ணில் படும்.

முதலில் அடிப்படை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவை நைட்ரஜன் அணுவைத் தாக்கினால் கார்பன்-14 உருவாகிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. செடி அதை எடுத்துக்கொள்கிறது, செடியைத் தின்னும் உயிரின் உடலுக்கும் அது போகிறது. உயிர் இருக்கும்வரை வரவும் சிதைவும் சமமாக ஓடும். உயிர் போனதும் வரவு நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டில் பாதி, அடுத்த 5,730 ஆண்டில் அந்தப் பாதியில் பாதி. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், உயிர் போய் எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லலாம்.

மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் 1940இல் பெர்க்லியில் கார்பன்-14ஐக் கண்டுபிடித்தார்கள். அதை வயதுக் கணிப்பாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960இல் நோபல் கிடைத்தது. வேலை அணுக்கருச் சிதைவு, பரிசு வேதியியலுக்கு, பயன் தொல்லியலுக்கு.

சொல்ல எளிது. சிக்கல் அளவில் இருக்கிறது. உயிருள்ள செடியில்கூட லட்சம் கோடி கார்பன் அணுவுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் கார்பன்-14. இவ்வளவு அரிதான ஒன்றை எண்ணப்போகிறோம் என்றால், மாதிரியோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்நியக் கார்பனை முதலில் விரட்ட வேண்டும். அது வேதியியலின் வேலை.

மண்ணிலிருந்து எடுத்த கரித்துண்டிலோ தானியத்திலோ மூன்று வகை அந்நியர் இருப்பார்கள். பிற்காலச் செடிகளின் நுண்வேர்கள் ஒரு வகை. இவற்றை உருப்பெருக்கியின் கீழ் இடுக்கியால் பொறுக்கி எடுக்கலாம். இரண்டாவது, நிலத்தடி நீர் கொண்டுவந்து படியவைத்த சுண்ணாம்பு. மூன்றாவது, மக்கிய தாவரங்களிலிருந்து ஊறி இறங்கும் ஹியூமிக் அமிலங்கள். பிந்திய இரண்டுக்கும் அமிலம்–காரம்–அமிலம் என்ற மூன்று கட்டக் கழுவல் உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஹியூமிக் அமிலத்தைப் பழுப்பு நிறச் சாறாக இழுத்து வெளியே கொண்டுவரும். சாறு தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கடைசியில் மறுபடியும் அமிலம் எதற்கு என்று தோன்றலாம். காரக் கரைசல் ஆய்வகக் காற்றிலிருக்கும் இன்றைய கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும், அதை ஓட்டத்தான். இந்தக் கடைசிக் கழுவலை விட்டால் சுத்தம் செய்த கையே மாதிரியை அழுக்காக்கிவிடும். காரத்தை அளவுக்கு மீறி வலுவாக வைத்தாலும் ஆபத்து: பழைய, பலவீனமான கரி மொத்தமும் கரைந்து போய், சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

அழுக்கு எவ்வளவு கெடுக்கும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். 2,500 ஆண்டுப் பழைய மாதிரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால், வயது சுமார் 30 ஆண்டு குறைவாக வரும். தாங்கிக்கொள்ளலாம். அதே 1 சதவீதம், கார்பன்-14 முழுக்கத் தீர்ந்துபோன பல லட்சம் ஆண்டுப் பழைய மாதிரியில் கலந்தால், அதன் வயது 37,000 என்று வந்து நிற்கும். மறுபக்கமும் உண்டு. உடையும் நிலையிலுள்ள மாதிரியைக் காப்பாற்றுகிறேன் என்று பெட்ரோலியத்திலிருந்து செய்த பசையைத் தடவினால், கார்பன்-14 அறவே இல்லாத கார்பன் உள்ளே போகும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுமார் 80 ஆண்டு வயது கூடும். குழியிலிருந்து எடுத்ததும் அலுமினியத் தாளில் சுற்று, பஞ்சில் பொதியாதே, காகிதச் சீட்டை மாதிரியோடு சேர்த்துப் போடாதே என்று அகழாய்வுக் குழுவினருக்குச் சொல்வது இதனால்தான். பஞ்சும் காகிதமும் செடியிலிருந்து வந்தவை, அவற்றிலும் கார்பன் இருக்கிறது.

கழுவிய மாதிரியைக் காப்பர் ஆக்சைடோடு குழாயில் அடைத்து 900 டிகிரி செல்சியஸ் அளவில் எரித்தால் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதை ஹைட்ரஜனோடு சேர்த்து, இரும்புத்தூள் வினையூக்கியாக இருக்க, 550 முதல் 600 டிகிரியில் கிராஃபைட்டாக்குவார்கள். ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். அப்படியென்றால் ஒரே ஒரு கருகிய நெல்மணி போதும்.

இங்கே இயற்பியல் பொறுப்பேற்கிறது. லிபியின் முறையில் சிதையும் அணுக்களை எண்ண வேண்டும். ஒரு கிராம் புதிய கார்பனில் நிமிடத்துக்குச் சுமார் 14 சிதைவு, 2,500 ஆண்டுப் பழையதில் சுமார் 10. விடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் பிழை கூடாது என்றால் ஏறக்குறைய 1,11,000 சிதைவுகளை எண்ணியாக வேண்டும். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழையைத் தீர்மானிக்கிறது என்ற புள்ளியியல் விதி இதைச் சொல்கிறது. நிமிடத்துக்குப் பத்து என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு முழு கிராமுக்கு. ஒரு மில்லிகிராம் என்றால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

1977இல் பாதை மாறியது. சிதைவதற்காகக் காத்திராமல், இருக்கும் அணுக்களையே நேரடியாக எண்ணலாம் என்று வந்தார்கள். அந்த முறைதான் ஏஎம்எஸ், அதாவது முடுக்கி நிறைமாலை அளவீடு. முடுக்கியில் அயனிகளை ஓடவிட்டு, காந்தத்தால் எடைவாரியாகப் பிரிப்பது. இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜன்-14க்கும் கார்பன்-14க்கும் எடை கிட்டத்தட்ட ஒன்று. லட்சம் கோடியில் ஒன்றைத் தேடும் இடத்தில் நைட்ரஜன் புகுந்தால் கதை முடிந்தது. ஆனால் நைட்ரஜன் கூடுதல் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு நிலையான எதிர்மின் அயனியாக ஆகாது, கார்பன் ஆகும். சீசியத்தால் கிராஃபைட்டைத் தாக்கி எதிர்மின் அயனிகளை மட்டும் கிளப்பினால் நைட்ரஜன் வாசலிலேயே நின்றுவிடும். அடுத்த தடை, கார்பன்-13 ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு எடை 14 என்று வேஷம் போடுவது. முடுக்கியில் வேகமெடுத்த கற்றையை மெல்லிய வாயு அல்லது தகடு வழியே செலுத்தினால் எலக்ட்ரான்கள் உரிந்து, இந்த மூலக்கூறுகள் சிதறிவிடும். மிஞ்சுவது கார்பன்-14. இந்தியாவில் அகமதாபாதின் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும், டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் இந்தக் கருவி இருக்கிறது.

மிச்சம் 73.7 சதவீதம் என்று கருவி சொன்னதாக வைத்துக்கொள்வோம். எதில் 73.7 சதவீதம்? அளவுகோல் ஒன்று வேண்டும். அது 1955இல் விளைந்த சர்க்கரை பீட்டிலிருந்து தயாரித்த ஆக்சாலிக் அமிலம். அதன் கார்பன்-14 அளவில் 95 சதவீதத்தை 1950ஆம் ஆண்டின் காற்றுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உலகின் கார்பன் வயதுகளுக்கெல்லாம் அடியில் ஒரு பருவத்துக் கிழங்கு விளைச்சல் இருக்கிறது. கணக்கு இதுதான்: 8,033ஐ 0.737இன் தலைகீழியின் இயல் மடக்கையால் பெருக்கினால் 2,451. அதாவது 1950இலிருந்து பின்னோக்கி 2,451 ஆண்டு.

அந்த 8,033 லிபி காலத்து அரை ஆயுளான 5,568இலிருந்து வந்தது. சரியான எண் 5,730 என்று தெரிந்த பின்னும் பழையதையே வைத்திருக்கிறார்கள். மாற்றினால் முன்பு வெளியான வயதுகளும் புதியவையும் குழம்பிவிடும். பின்னால் வரும் திருத்தம் இந்த 3 சதவீத வித்தியாசத்தை எப்படியும் சேர்த்தே சரிக்கட்டிவிடுகிறது. ஆகவே கவலை இல்லை.

அதற்குமுன் தாவரவியல் ஒரு திருத்தம் கேட்கிறது. செடிகள் கார்பனைப் பாரபட்சம் இல்லாமல் எடுப்பதில்லை. இலேசான கார்பன்-12 மீது அவற்றுக்குப் பிரியம் அதிகம், எவ்வளவு அதிகம் என்பது ஒளிச்சேர்க்கை வகையைப் பொறுத்தது. நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் ஒரு வகை. கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு இன்னொரு வகை. இரண்டாம் வகை கனமான கார்பனை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் அறுத்த நெல்லும் கம்பும் 200 ஆண்டுக்கு மேல் வயது வித்தியாசம் காட்டும், கம்பு இளையதாக. நல்லவேளையாக இதைக் கணிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதத்தை அதே மாதிரியில் அளந்து, எல்லாவற்றையும் ஒரே பொது மதிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். கம்பையும் கேழ்வரகையும் விளைவித்த நிலப்பகுதிகளின் ஆய்வுக்கு இந்தத் திருத்தம் தவிர்க்க முடியாதது.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் கூடவே வந்திருக்கிறது: காற்றில் கார்பன்-14இன் அளவு எக்காலத்திலும் ஒன்றே என்பது. அது உண்மை இல்லை. சூரியன் சுறுசுறுப்பாக இருந்தால் அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தள்ளிவிடும், உற்பத்தி குறையும். பூமியின் காந்தப்புலம் வலுவிழந்தால் உற்பத்தி கூடும். கடல் ஆழத்தில் கிடக்கும் பழைய கார்பன் மேலே வந்தால் காற்றில் விகிதம் குறையும். 1958இல் நெதர்லாந்தின் ஹெசல் டி விரீஸ் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டினார்.

இதை எந்த இயற்பியல் சூத்திரமும் சரிசெய்யாது. சரிசெய்தவை மரங்கள். மர வளையம் ஒன்று ஓர் ஆண்டு. உயிருள்ள மரத்தின் வளையங்களை உள்நோக்கி எண்ணி, அதன் தடித்த–மெலிந்த வரிசையைப் பழைய உத்திரத்தோடும், அதைச் சேற்றில் புதைந்த மரத்தோடும் பொருத்திக்கொண்டே போனால், 12,000 ஆண்டுகளுக்கு ஆண்டு தவறாத வரிசை கிடைக்கிறது. கலிபோர்னியாவின் பிரிசில்கோன் பைன்களும், ஐரோப்பிய ஓக், பைன் மரங்களும் இதில் முக்கியம். வயது தெரிந்த வளையத்தில் கார்பன்-14ஐ அளந்தால், அந்த ஆண்டின் காற்று எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். அதற்கும் முந்திய காலத்துக்கு ஜப்பானின் சுய்கெட்சு ஏரி வண்டலும், சீனாவின் ஹூலு குகைச் சுண்ணாம்புப் படிவுகளும் கைகொடுக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்து, ஆய்வகம் தரும் வயதை உண்மையான ஆண்டாக மாற்றிக்கொள்ள 2020இல் வெளியிட்ட திருத்த வளைகோடு 55,000 ஆண்டுவரை போகிறது. பெயர் இன்ட்கேல்20.

கலிபோர்னியா மரத்தை வைத்துப் பழனி நெல்லைத் திருத்தலாமா? ஓர் அரைக்கோளத்துக்குள் காற்று சில மாதங்களில் நன்றாகக் கலந்துவிடும் என்கிறது வளிமண்டலவியல். ஆகவே திருத்தலாம். தென் அரைக்கோளத்தில் கடல் அதிகம் என்பதால் அங்கே வேறு வளைகோடு, சில பத்தாண்டு வித்தியாசம். தென்னிந்தியாவுக்கு இதில் ஒரு சின்னத் தலைவலி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி வருகிறது, பயிர் வளர்வதும் அந்தக் காலத்தில்தான். அதனால் இரண்டு வளைகோடுகளையும் கலந்து பயன்படுத்த வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நியாயமான வாதம்தான்.

வளைகோட்டில் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் தமிழ்நாட்டுக்கு மிகவும் சுடும் செய்தி. கி.மு. 800க்குச் சற்று முன்னே அது செங்குத்தாக இறங்குகிறது. 2700±30 என்று வந்த மாதிரியைத் திருத்தினால் ஏறத்தாழ 100 ஆண்டு அகலத்துக்குள் விடை அடங்கும். அதற்குப் பின் கி.மு. 400வரை வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. ஆய்வாளர்கள் இதை ஹால்ஸ்டாட் சமவெளி என்கிறார்கள். 2450±30 என்று வந்தால், 95 சதவீத நம்பிக்கையில் விடை கி.மு. 755 முதல் 410 வரை ஏறத்தாழ எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கருவியின் பிழை இரண்டிலும் அதே 30தான். முடுக்கியை இன்னும் துல்லியமாக்கினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த நூற்றாண்டுகளில் வானமும் சூரியனும் அப்படி நடந்துகொண்டன. பொருந்தலின் கி.மு. 490உம், 2019இல் வெளியான கீழடி அறிக்கையில் 353 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்குச் சொன்ன கி.மு. 580உம் விழுவது இந்தத் தட்டையான பகுதியில்தான். ஒற்றை ஆண்டைத் தலைப்பில் போடும்போது பத்திரிகைகள் விழுங்கிவிடுவது இந்த அகலத்தைத்தான்.

கடைசியில் பந்து தொல்லியலிடமே திரும்பி வருகிறது. ஆய்வகம் சொல்வது செடியின் உயிர் போன காலம். எழுத்தைப் பொறித்த காலம் அன்று. இரண்டும் ஒன்று என்று காட்ட வேண்டியது அகழாய்வாளர்: குழி கலையாமல் இருந்ததா, எலி வளை குறுக்கே போனதா, பொருள்கள் ஒரே நேரத்தில் உள்ளே வைக்கப்பட்டனவா. மரக்கரியில் இன்னொரு பொறி. மரத்தின் நடுவைரம் மரம் வெட்டப்படுவதற்கு நூறு, இருநூறு ஆண்டு முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். அந்தக் கரி அடுப்பின் வயதைக் கூட்டிச் சொல்லும். ஒரே பருவத்தில் விளைந்த நெல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் தானியம் கிடைத்தால் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கடற்கரை ஊர்களின் சங்கும் சிப்பியும் மரக்கரியைப் போலவே வயதைக் கூட்டிச் சொல்லும். கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், இன்று செத்த சிப்பிக்கும் சில நூறு ஆண்டு வயது காட்டும்.

ஒரு சங்கிலியைச் சரிபார்க்க, அதோடு கண்ணி எதையும் பகிராத இன்னொரு சங்கிலி வேண்டும். ஒளித்தூண்டல் முறை அப்படிப்பட்டது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்பதைச் சொல்லும் அதற்கு மரவளையம் வேண்டாம். மாறாக, சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் அளவும் ஈரப்பதமும் தெரிய வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. ஒரே கரியை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவதைவிட இது வலுவான சோதனை. இரண்டு ஆய்வகங்களும் ஒரே வளைகோட்டைத்தானே பயன்படுத்தும்!

கடன் திரும்பிப் போவதும் உண்டு. லிபி தன் முறை சரியா என்று பார்த்ததே எகிப்திய மன்னர் ஜோசரின் கல்லறை மரத்தைப் போன்ற, வயது முன்பே தெரிந்த பொருள்களை வைத்துத்தான். அங்கே இயற்பியலுக்குச் சான்று கொடுத்தது தொல்லியல். 2012இல் ஜப்பானின் ஃபுசா மியாகே, தேவதாரு வகை மரமொன்றின் வளையங்களை ஆண்டுவாரியாக அளந்தபோது 774-775இல் கார்பன்-14 திடீரென 1.2 சதவீதம் எகிறியிருப்பதைக் கண்டார். தொலைநோக்கி பிறப்பதற்கு எட்டு நூற்றாண்டு முந்திய அந்த வானியல் நிகழ்வுக்கு, பெரும் சூரிய வெடிப்பாக இருக்கலாம் என்று பலரும் கருதும் ஒன்றுக்கு, சாட்சி மரக்கட்டை. 993இலும் இதைப்போல் ஒன்று. கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங்குகள் உலோகக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளில் ஆய்வாளர்கள் 993ஆம் ஆண்டு வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டைவரை 28 வளையம் எண்ணினார்கள். விடை 1021. மூன்று வெவ்வேறு மரங்களிலும் அதே ஆண்டு. வானியலுக்கு மரம் கொடுத்தது, வானியல் வழியாக வரலாற்றுக்குத் திரும்பி வந்தது.

அடுத்தமுறை செய்தியில் ஒரு கார்பன் வயதைப் பார்த்தால், ஆண்டை விட்டுவிட்டு அறிக்கையைத் தேடிப் பாருங்கள். ஆய்வக எண், திருத்தாத வயதும் அதன் கூட்டல் கழித்தலும், கார்பன்-13 மதிப்பு, எந்த வளைகோடு, 95 சதவீத எல்லைகள், மாதிரி தானியமா மரக்கரியா, எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்று அதில் இருக்க வேண்டும். திருத்தாத வயதும் வளைகோட்டின் பெயரும் இருந்தால், நாளை வளைகோடு மாறினாலும் யார் வேண்டுமானாலும் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். அவை இல்லாமல் ஒற்றை ஆண்டு மட்டும் இருந்தால், அந்த எண்ணை யாராலும் திருத்த முடியாது.